திரும்பி வரும்போது மட்டும் நிற்கும் வண்டி

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஒரு மெக்கானிக் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது. என் ஸ்கூட்டருக்குப் பிரேக் கட்டை மாற்ற ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பழைய வேன் சீட்டைத் தூக்கிக்கொண்டு குடலைக் காட்டியபடி நின்றது. அதன் டிரைவர், "நல்லா ஓடிட்டே இருக்கும்ணே, திடீர்னு நின்னுடும்" என்றார். மெக்கானிக் தலையைத் தூக்காமலே கேட்டார்: "போகும்போது நிக்குதா, வரும்போது நிக்குதா?"

டிரைவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என் ஸ்கூட்டர் தயாராகிவிட்டது, கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது. அதே சாலை, அதே தூரம். போவதும் வருவதும் வண்டிக்கு எப்படித் தெரியும்? வரும்போது மட்டும் நிற்கிற வண்டி ஒன்று இருந்தால் அதற்குக் காரணம் என்னவாக இருக்கும்? எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாவியைத் திருப்பினால் சத்தம் வரும் என்பதுதான். நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத உட்கார்ந்தேன்.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

மழை பிடித்துக்கொண்டது. பாலத்தின் நடுவில் வேன் ஒரு முறை இருமி —

(வேண்டாம். மழை என்றதுமே வயரில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று நீங்கள் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள்.)

அந்த வேனுக்கும் ஒரு மனசு இருந்தது. அது —

(இதை எழுதிய கையை என்ன செய்யலாம்! வண்டிக்கு ஏது மனசு? மனசெல்லாம் ஏறி உட்காருகிறவர்களுக்குத்தான்.)

டிரைவர் தன் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் அழைத்து வருகிறவன்.

சரி, இது தாங்கும். இதிலிருந்தே போவோம்.

2

டிரைவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. வேனும் வண்டிக் கணக்கில் ஏறக்குறைய அந்த வயதுதான்: ஓடும், ஏற்றத்தில் பெருமூச்சு விடும். அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், வேறு சவாரிகளை விட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆரம்பித்தான். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, "தம்பி, எங்க பக்கமும் வருவீங்களா?" என்று கேட்டார்கள். வேன் நிறைந்துவிட்டது. காலையில் வீடு வீடாக ஏற்றுவான். கையில் ஊசி குத்தி மருந்தை ஏற்றிக்கொண்டு அவர்கள் வெளியே வந்ததும், மத்தியானத்துக்கு மேல் அவரவர் வாசலில் கொண்டுபோய் இறக்குவான்.

அவனுக்கு வண்டி என்றால் உயிர். சீட்டை வாரா வாரம் சோப்புப் போட்டுக் கழுவுவான். ஏறுகிறவர்களிடம், "நம்ம வண்டியில ஒரு தூசி, ஒரு நாத்தம் இருக்கா சொல்லுங்க பாப்போம்" என்று வம்புக்கு இழுப்பான். யார் சொல்லப்போகிறார்கள்?

அக்கா ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவள். கல்யாணப் பத்திரிகையோ கணக்குப் புத்தகமோ, அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு எழுத்து வெளியே போனதில்லை. பெரிய வாய். ஆஸ்பத்திரி வாசல் போர்டில் இருக்கும் பிழையை டாக்டரிடமே சொல்லி, "நோயாளிய அப்புறம் பாருங்க, முதல்ல போர்டுக்கு வைத்தியம் பண்ணுங்க" என்றவள். (முதல் வரைவில் அவளைப் பொறுமையின் சிகரமாக எழுதியிருந்தேன். ஒரு வாக்கியம்கூட ஒட்டவில்லை. இந்தக் கதை அவள் கையில் கிடைத்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் பாதியை அடித்துவிடுவாள் என்ற பயம் எனக்கு இப்போதும் இருக்கிறது.)

மருந்தில் அவளுக்குத் தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது. ஆனால் முன்பு பின்னலை முடிந்துகொண்ட கறுப்பு ரப்பர் வளையங்களை மட்டும் இடது மணிக்கட்டில் மாட்டியே வைத்திருந்தாள். டிரைவர் அதைப் பார்ப்பான், கேட்கமாட்டான். முடி திரும்ப வளரும் என்ற நம்பிக்கையில் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். ரோட்டைப் பார்ப்பான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த மாதிரி வேனில் முன்சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின். அந்தச் சூடு அக்காவுக்கு ஆகாது என்று அவளைப் பின்வரிசை ஜன்னலோரம் உட்காரவைத்தது அவன்தான். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, வெளிப்புறத்தில், பெட்ரோல் டேங்கின் மூடி இருந்தது.

3

முதல் தடவை நின்றபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருமியது, குலுங்கியது, நின்றது. எல்லோரும் இறங்கி நிழல் தேடினார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினான், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. அடுத்த சவாரியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். காலையில் போகும்போது ஒரு நாளும் நிற்காது. திரும்பும்போது, ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் நிற்கும்.

ஒரு நாள் தண்டவாளத்தின் மேல் நின்றது.

ரயில்வே கேட்டுக்காரர் பச்சைக் கொடியைத் தூக்கிப்போட்டுவிட்டு ஓடிவந்து கத்தினார். ரயில் வரும் நேரம். எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிய கைகள் எல்லாம் சேர்ந்து தள்ளின. முன்வரிசையில் உட்காரும் தையல்காரம்மா, எலும்பும் தோலுமாக இருந்தவர், தோளைக் கொடுத்துத் தள்ளினார். அக்காவும் தள்ளினாள். வண்டி அந்தப் பக்கம் உருண்டதும் ஜல்லிக் கற்களின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தையல்காரம்மா அவள் பக்கத்தில் மயங்கிச் சரிந்தார். கொஞ்ச நேரத்தில் ரயில் அவர்களுக்குப் பின்னால் தடதடத்துப் போனது.

அன்று வீட்டில் டிரைவர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தபோது அக்கா சொன்னாள்:

"இன்னொரு தடவை வண்டி நடுவழியில நின்னா, நான் வரமாட்டேன்."

"வேற வண்டி பாக்கறேன்க்கா."

"எந்த வண்டியிலயும் வரமாட்டேன்னு சொல்றேன். போதும்டா. போறதும் வாந்தி எடுக்கறதும் வழியில உக்காந்திருக்கறதும். எல்லாருக்கும் பாரமா இருந்தது போதும்."

"பாதியில நிறுத்தினா இதுவரைக்கும் ஏத்தினது அத்தனையும் வீண்னு டாக்டர் சொன்னாரே?"

"டாக்டருக்கு போர்டையே ஒழுங்கா எழுதத் தெரியல."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மருந்தை விட்டுவிட அவள் ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் காரணத்தை அவன் வண்டியே கொண்டுவந்து கொடுத்துவிட்டது. வண்டி நின்றால் மருந்து நிற்கும். மருந்து நின்றால் அக்கா —

(இந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.)

4

மெக்கானிக்குக்குப் பட்டப்பெயர் "மூணு கேள்வி". எந்த வண்டி வந்தாலும் கையை வைக்குமுன் மூன்று கேள்வி கேட்பார்: சூட்டிலா குளிரிலா? போகும்போதா வரும்போதா? தனியாவா ஆளோடயா? பதில் சரியாக வராவிட்டால் ஸ்பேனரைத் தொடமாட்டார்.

இவரைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். முதல் வரைவில், நீளமான திருப்புளியை எஞ்சினில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டு, கண்ணை மூடி, காரணத்தைச் சொல்லிவிட்டார். எனக்கே கூச்சமாக இருந்தது. கதைகளில் வருகிற மெக்கானிக்குகளுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. நிஜத்தில், என் ஸ்கூட்டரின் பிரேக் இன்னும் கீச்சென்று கத்துகிறது. ஆகவே இந்த வரைவில் அவரைத் தப்புப் பண்ணவிட்டிருக்கிறேன்.

முதலில் பிளக்கை மாற்றினார். நின்றது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் சூட்டில் செத்துப்போகிறது என்று அதை மாற்றினார். நின்றது. பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். நின்றது. காத்திருக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து பங்க்கில்தானே பெட்ரோல் போடுகிறாய், அதில் ஏதோ கலக்கிறான், வரும்போது நிற்பது அதனால்தான் என்றார். ஆகா, கிடைத்துவிட்டது என்று டிரைவர் குதித்தான். டேங்கைக் காலி செய்து, வேறு இடத்தில் போட்டான். அதற்கும் நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாவம் அந்த பங்க்.

கடைசியில், சவாரி இல்லாத ஒரு நாள், இருவரும் காலி வண்டியில் ஆஸ்பத்திரிவரை போய்த் திரும்பினார்கள். போகும்போதும் நிற்கவில்லை, வரும்போதும் நிற்கவில்லை. தண்டவாளத்தைத் தாண்டியதும் மூணு கேள்வி ஓரம் கட்டச் சொன்னார்.

"கெட்டுப்போன வண்டிய சரி பண்ணலாம். நல்ல வண்டிய எப்படிப்பா சரி பண்றது?"

"அப்போ ஏன்ணே நிக்குது?"

"ஆளோட வரும்போதுதானே நிக்குது? அப்போ கோளாறு வண்டியில இல்ல. ஏறி உக்காருறவங்க என்ன பண்றாங்கன்னு பாரு."

டிரைவருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "அவங்களே சாகப் பிழைக்க வர்றாங்க. உங்களால கண்டுபிடிக்க முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. நோயாளிங்க மேல பழி போடாதீங்க."

வண்டியை வெடுக்கென்று கிளப்பினான். மெக்கானிக் பாதிப் பதிலைத் தொட்டுவிட்டார். டிரைவரின் பாசம்தான் அதைத் தட்டிவிட்டது.

5

காரணத்தைக் கடைசிவரை என் மடியில் மறைத்துவைத்திருக்கலாம். எனக்கு அந்த விளையாட்டில் ஆசையில்லை. சொல்லிவிடுகிறேன்.

மருந்து ஏறிய உடம்புக்கு எந்த நெடியும் தாங்காது. டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்து, பெட்ரோல் நெடி நேரே அக்காவின் ஜன்னலுக்கு வந்தது. முதல் முறை அவள் வாந்தி எடுத்தபோது டிரைவர் பதறிப்போய்த் துணியோடு நின்றான். "வண்டியில ஏதாச்சும் நாத்தமாக்கா?" என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள், "சேச்சே, மருந்துடா" என்றுவிட்டாள். சொன்னது சொன்னதுதான். அடுத்த முறையிலிருந்து, திரும்புவதற்காக ஏறுமுன் வண்டியின் பின்பக்கம் போய், ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுத் தரும் பிளாஸ்டிக் கவரை டேங்க் மூடிமேல் கவிழ்த்து, இறுக்கிக் கட்டிவிடுவாள். வீடு வந்ததும் கடைசியாக இறங்கி, அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்வாள். வேனில் எல்லோருக்கும் இது தெரியும். நெடி குறைந்ததே என்று அவளை வாழ்த்தவும் செய்தார்கள். அவனுக்கு மட்டும் தெரியாது. வண்டி நின்றால் அவன் பார்ப்பதெல்லாம் முன்சீட்டுக்கு அடியில்தானே!

* தெரியாதவர்களுக்கு: பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். கொஞ்சம் வரும், அப்புறம் நின்றுவிடும். காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். மூடியில் காற்றுக்கென்று ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய, கவர் உள்ளே இழுபட்டு அந்தத் துளையில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. சும்மா நின்றால் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கி, மறுபடி ஓடும்.

ஆக, சூடு ஆகாது என்று அவளைப் பின்னால் உட்காரவைத்தது அவன் பாசம். நாற்றம் என்று சொன்னால் மனம் ஒடிவான் என்று மூடியைக் கட்டியது அவள் பாசம். இரண்டும் சேர்ந்து ஒரு வேன் நிறைய மனிதர்களைத் தண்டவாளத்தில் நிறுத்திவிட்டன.

6

அடுத்த சவாரி. மத்தியானம். ஆஸ்பத்திரி முற்றத்தில் சிமென்ட் தரை கொதித்தது. இன்று சாப்பிடப் போகாமல் டிரைவர் தன் சீட்டிலேயே சாய்ந்திருந்தான். காலையிலிருந்து சாப்பிடவில்லை. இன்று நின்றால் முடிந்தது என்ற ஒரே நினைப்புத்தான்.

ஓரக் கண்ணாடியில் அவர்கள் வருவது தெரிந்தது. தையல்காரம்மா வந்து, வேனுக்குப் பின்னால், முந்தானையை விரித்துத் தலைக்கு மறைப்பு போடுவதுபோல் நின்றார். அவருக்குப் பின்னால் அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். குனிந்தாள். இடது மணிக்கட்டிலிருந்து அந்தக் கறுப்பு ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, டேங்க் மூடியைச் சுற்றிச் சுற்றி மாட்டினாள். பின்னலை முடியும்போது எப்படிச் சுற்றுவாளோ அதே சுற்று.

"உங்க தம்பி பாத்துட்டா?" என்றார் தையல்காரம்மா.

"அவனா? வண்டி நாறுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், ராத்திரி பூரா தூங்கமாட்டான். எதுக்கு? அவன் படறது போதாதா?"

டிரைவருக்கு முதலில் ரப்பர் வளையம்தான் மண்டையில் ஏறியது. முடிக்காக இல்லை. இத்தனை நாளும் முடிக்காக இல்லை. அப்புறம் மூணு கேள்வி சொன்னது ஏறியது. அப்புறம் காற்று, டேங்க், தண்டவாளம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

7

நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று. அவன் இறங்கிப் போய், "அடிப்பாவி அக்கா, நீதானா!" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். அவளும் சிரிக்கிறாள். அப்புறம் சிரிப்பு நிற்கிறது. ஊரார் எழுத்தில் எல்லாம் பிழை பிடித்தவள் அவள். தையல்காரம்மாவின் கையைப் பார்க்கிறாள், பிளாஸ்திரியைப் பார்க்கிறாள். "அப்போ அன்னிக்கு தண்டவாளத்துல... நானாடா?" இதற்கு அவன் —

(இதற்கு அவன் என்ன சொல்வான்? பாரமாக இருந்தது போதும் என்றவளுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு. டயரைப் பார்க்கிற சாக்கில் பின்னால் போய், ஒரு குண்டூசியால் கவரில் ஓட்டை போடுகிறான். வண்டி நிற்கவில்லை. நெடி கொஞ்சம் வருகிறது, அக்கா கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொள்கிறாள். மறுநாள் மூடிக்குப் புது ரப்பர். யாருக்கும் எதுவும் தெரியாது. யாருக்கும் நோகாது.

லட்சணமான முடிவுதான். இரண்டு நாள் இதோடு நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் உறுத்தியது. அவனுக்கு நோகக் கூடாதென்று அவள் மறைத்தாள். இப்போது அவளுக்கு நோகக் கூடாதென்று அவன் மறைக்கிறான். இப்படி மறைத்து மறைத்துத்தானே வண்டி தண்டவாளத்தில் வந்து நின்றது? அக்கா இதைப் படித்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பாள். இதையும் அடிக்க மனமில்லாமல் அடித்தேன்.

முடிவு மூன்று. அவன் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுக்கிறான். ஊர் எல்லை தாண்டியதும் —

(மாட்டேன்.)

8

ஆகவே கதை ஆஸ்பத்திரி முற்றத்தில் அப்படியே நிற்கிறது. இந்தத் தடவை நிறுத்தியது அக்கா இல்லை, நான்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இதுவரைக்கும்தான்: டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். சுற்றிவந்து முன்பக்கக் கதவைத் திறந்தான். முன்சீட்டின் மேல், எஞ்சின் சூடு ஏறாமல் இருக்க, தான் சாய்ந்துகொள்கிற தலையணையையும் மடித்த போர்வையையும் போட்டான். அக்கா பின்கதவில் கை வைத்திருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு முன்னாடி வந்து உக்காரு."

அவள் திரும்பினாள். தையல்காரம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

"எதுக்குடா? சூடு ஆகாதுன்னு நீதானே பின்னாடி உக்கார வச்சே?"

அவன் அவள் கையைப் பிடித்தான். மணிக்கட்டில் ஒன்றுமில்லை. வளையம் இருந்த இடத்தில் தோலில் தடம் மட்டும் பதிந்திருந்தது. அவன் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

"எதுக்குடா?" என்றாள் மறுபடியும், மெல்ல.

"..."

அந்த இடத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன். எஞ்சின், டேங்க், காற்று, எல்லாம் என்னைப்போலவே உங்களுக்கும் தெரியும். அவன் என்ன சொன்னால் அவள் அடுத்த தடவையும் மருந்துக்கு வருவாள் என்பது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் அக்கா தம்பி இருக்கலாம், நீங்கள் சொல்லிப் பாருங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை, அவள் திருத்திக்கொள்வாள்.

ஒன்று மட்டும். ரொம்ப யோசிக்காதீர்கள். அவள் வெயிலில் நிற்கிறாள்.